வெக்கையும் புழுக்கமும் உள்ள தோட்டத்துக்கு எந்தத் தக்காளி? – வாசகர் கேள்விகள்

பிராண்டிவைன் என்ற தக்காளி ரகத்தின் விதை வாங்கி மாடியில் வளர்த்தேன். செடி ஆளுயரம் வந்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஏப்ரலில் அத்தனை பூவும் கொட்டிவிட்டது. உரம் போதவில்லையா?
– வேளச்சேரி வாசகி

உரத்தில் குறையில்லை. ராத்திரி வெக்கைதான் காரணம். தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்க ராத்திரியில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் அருமை. 24-ஐத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்க ஆரம்பிக்கும். சென்னையில் ஏப்ரல் ராத்திரி 26 டிகிரியை ஒட்டியே நிற்கும். போதாததற்குக் கடற்காற்றின் ஈரத்தில் மகரந்தத் தூள் பிசுபிசுத்துப் பூவுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பூக்காம்பின் நடுவில் சின்னதாக ஒரு கணு இருக்கும், பாருங்கள். காம்பு மஞ்சளாகி அந்தக் கணுவில் கழன்று விழுந்தால், செடியே பூவை உதிர்த்துவிட்டது என்று அறியலாம்.

பாரம்பரிய ரகம் என்றாலே எந்த ஊரிலும் தாங்கும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். எந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்தார்களோ, அந்த ஊர்ப் பருவத்துக்குத்தான் அது பழகியிருக்கும். பிராண்டிவைன் அமெரிக்காவின் பாரம்பரிய ரகம். ஒரு பழமே அரைக் கிலோ வரை வரும், பழுக்கவும் நாற்று நட்டு 80 நாளுக்கு மேல் ஆகும். நம் கடற்கரை ஊர்களின் குளிர்காலம் அதற்குப் போதாது.

அப்படியானால் கடலோரத்தில் எதை நடலாம்? எப்போது விதைப்பது?
– கடலூர் வாசகர்

பருவத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ரகம் அப்புறம். ஐப்பசிக் கடைசியில் நாற்று விடுங்கள். நாற்றுத் தட்டுகளை மழை நேரடியாக அடிக்காத இடத்தில் வையுங்கள். கார்த்திகைக் கடைசியில் எடுத்து நட்டால், பூ வரும் நேரம் மார்கழி, தை. வருஷத்தில் ராத்திரி குளிர்வது அப்போதுதான். மாசியில் பழம் பறிக்கலாம்.

ரகத்துக்கு என் கணக்கு எளிது: காய் எவ்வளவு சின்னதோ, வெக்கையை அவ்வளவு தாங்கும். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் முதல் வருஷம் இதை நம்பி இறங்கலாம். சந்தையில் நாட்டுத் தக்காளி என்று விற்கிற, தட்டையாக வரி விழுந்த, புளிப்பான பழத்தைத்தான் முதலில் சொல்வேன். ரசத்துக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது. அடுத்து பி.கே.எம். 1. தேனிப் பக்கத்து ‘அன்னஞ்சி’ என்ற நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கியது. பழைய பாரம்பரிய ரகம் என்று சொல்ல முடியாது, ஆனால் வேர் நம் மண்ணில் இருக்கிறது, விதையும் எடுத்து வைக்கலாம். காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கும். அது அந்த ரகத்தின் அடையாளம், நோய் என்று பயப்பட வேண்டாம்.

வெளிநாட்டு ரகம் கட்டாயம் வேண்டும் என்றால் அர்கான்சஸ் டிராவலர் ஒன்றை முயலலாம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெக்கைக்கு நம்பி வளர்ப்பது, நடுத்தர அளவில் இளஞ்சிவப்புப் பழம்.

சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாதே, நாங்கள் என்ன செய்வது?
– அடுக்குமாடி வாசகி

பெரிய பழ ஆசையை விட்டுவிடுங்கள். செர்ரித் தக்காளியும், அதைவிடச் சிறிய, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாகக் காய்க்கிற கரன்ட் தக்காளியும் உங்களுக்குச் சரி. கரன்ட் இனத்தின் பூர்வீகம் பெரு, ஈக்வடார் கடற்கரை. ஃபுளோரிடாவில் பழகிப்போன எவர்கிளேட்ஸ் தக்காளியும் இந்த வகைதான், புழுக்கத்திலும் காய்க்கும். ஆறு மணி நேர வெயிலாவது விழ வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கு ஈரம் சற்று உலர்ந்ததும் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மாடியில் தேனீ வராத குறையை அது தீர்க்கும்.

நேற்றுவரை நன்றாக நின்ற செடி, இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு செத்துவிட்டது. மூன்று வருஷமாக இதே கதை.
– நாகர்கோவில் வாசகர்

பாக்டீரியா வாடல் நோய் என்று சந்தேகிக்கிறேன். சோதித்துவிடலாம். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டுமுனை நீருக்குள் இருக்கும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிஷத்தில் வெட்டிலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்கினால் அதேதான்.

மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது, கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் இருக்கும். செத்த செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதே பாத்தியில் கத்தரி, மிளகாய்கூட வேண்டாம். உங்கள் ஊர் மண்ணுக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்த சக்தி, முக்தி, அனகா மூன்றும் பொருந்தும். இந்த நோயைத் தாங்கவென்றே வந்தவை, விதையும் எடுக்கலாம்.

பிடித்த நாட்டு ரகத்தை விட மனமில்லையா? இந்த நோயைத் தாங்கும் கத்தரி நாற்றின் மேல் ஒட்டுக்கட்டுங்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதற்கென ஈ.ஜி. 203 போன்ற கத்தரி ரகங்களைப் பரிந்துரைக்கிறது. அந்த வேர், மழைநீர் கொஞ்சம் தேங்கினாலும் தாங்கும்.

மே மாதப் பழம் சிவக்காமல் ஆரஞ்சாகவே நிற்கிறது. ரகம் மாறிவிட்டதா?
– மதுரை வாசகி

இல்லை. 30 டிகிரிக்கு மேல் போகப் போகச் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. பழம் லேசாக நிறம் மாறும்போதே பறித்து, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், சிவக்கும்.

கடையில் வாங்கிய பெங்களூர் தக்காளியிலிருந்து விதை எடுக்கலாமா?
– திருவள்ளூர் வாசகர்

முளைக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஹைபிரிட், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது, அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி காய்க்கும். நாட்டு ரகத்தில் எடுங்கள். கோடை தொடங்கிய பிறகும் பிஞ்சு பிடித்த செடி எது என்று பார்த்து, அதில் ஒரு கயிற்றைக் கட்டி அடையாளம் வையுங்கள். இலைச் சுருட்டை நோய் வந்த செடி வேண்டாம். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு பிழிந்து ஒரு டம்ளரில் விடுங்கள். நம் வெக்கையில் ஒன்றிரண்டு நாளில் புளித்து, மேலே வெள்ளையாக ஆடை படரும். அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளை விட்டுவிடும். கழுவி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். ரகத்தின் பெயர், மாதம், வருஷம் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.