பஸ் வேகமாக ஓடும்போது ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம், பூச்சியமாக இருக்க முடியுமா? சில கணக்குகளில் விடை கழித்தல் குறியோடு வருவது ஏன்?

நீங்கள் பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் படிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆர்முடுகலுக்கு, இறுதி வேகத்தில் இருந்து ஆரம்ப வேகத்தைக் கழித்து, எடுத்த நேரத்தால் பிரிக்க வேண்டும் என்பது உங்களுக்குப் பாடமாக இருக்கும். யாரும் செய்து காட்டியிருக்க மாட்டார்கள்.

என் அக்காவின் மகளுக்கும் இதே சந்தேகம். மட்டக்களப்பில் இருந்து கொக்கட்டிச்சோலைக்கு வரும் பஸ்ஸில் சாரதிக்குப் பின்சீட்டில் இருந்தோம். நான் வேகமானியைப் பார்க்க, அவள் போனில் செக்கன் எண்ணினாள். பஸ் புறப்பட்டு ஊசி 40ஐத் தொட 10 செக்கன். மணிக்கு 40 கிலோமீற்றரை 3.6ஆல் பிரித்தால் செக்கனுக்கு 11.1 மீற்றர்; அதைப் பத்தால் பிரிக்க 1.1. அதாவது, ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 1.1 மீற்றரால் கூடியிருக்கிறது.

மண்முனைப் பாலத்தில் ஊசி 50இல் அப்படியே நின்றது. இப்போது ஆர்முடுகல் பூச்சியம் என்றேன். நம்பவில்லை.

"இவ்வளவு வேகமாப் போகுதே மாமா!"

"ஊசி அசைஞ்சதா?"

"இல்ல."

"மறுகா என்ன?"

கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் தாண்டி மாடொன்று குறுக்கே வர, சாரதி பிரேக்கை அழுத்தினார். நின்றவர்கள் எல்லோரும் முன்னுக்குச் சாய்ந்தார்கள். 4 செக்கனில் பஸ் நின்றது. 50ஐ 3.6ஆல் பிரித்தால் 13.9; அதில் இருந்து பூச்சியம்: வித்தியாசம் கழித்தல் 13.9, நாலால் பிரிக்க கழித்தல் 3.5. அவளே கணித்துச் சொன்னாள். வேகம் குறைந்ததைத்தான் அந்தக் குறி சொல்கிறது. அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், எவ்வளவு என்று கேட்டால் குறி இல்லாமல் 3.5 என்று எழுதுங்கள்.

இது சராசரிதானே என்று பௌதிகவியல்காரர் வருவார்கள். ஆம், சராசரிதான். ஒரு கணத்துக்குரியது வேண்டுமென்றால் வேக நேர வரைபின் படித்திறனை, அதாவது சாய்வை, எடுக்க வேண்டும். பூச்சியம் என்றதும் நேர்ப்பாதைக்குத்தான். வளைவில் ஊசி அசையாவிட்டாலும் திசை மாறுவதால் ஆர்முடுகல் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் ஊசி விளங்கட்டும்.

நான் படித்த பள்ளியில் இதைச் செய்து பார்ப்பதற்கான துரோலி என்ற சிறு வண்டி கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. உடைந்துவிடும் என்று யாரும் வெளியே எடுக்கவே இல்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைப் பிள்ளைகள் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் தேடி இன்னும் வாவி கடந்து டவுனுக்குப் போகிறார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வகுப்பின் பாதியில் எழும்பி வருகிறார்கள். பிறகு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடாது என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.