எச்.ஐ.வி.க்கு எதிரான டி செல் எதிர்வினையை அளக்க எலிஸ்பாட்டா, ஃப்ளோவா?

தேனி, சிவகங்கையிலிருந்து ஆளுக்கு 10 மி.லி. ரத்தம் மதுரைக்கு வருகிறது, இரண்டு வசதியும் ஆய்வகத்தில் இருக்கிறது, எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சலித்தெடுப்புக்கு எலிஸ்பாட்: சைட்டோகைன் (செல்கள் சுரக்கும் சைகைப் புரதம்) சுரக்கும் ஒவ்வொரு செல்லையும் தட்டில் ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனை. அதில் பாசிட்டிவ் வந்த பெப்டைட் தொகுப்புகளுக்கு (செல்லைத் தூண்டப் போடும் வைரஸ் புரதத் துண்டுகள்) மட்டும், செல்லுக்குள்ளேயே சைட்டோகைனுக்குச் சாயமேற்றி ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி) பார்க்கும் ஐ.சி.எஸ்.

செல் கணக்குதான் காரணம். 10 மி.லி.யில் ஏறக்குறைய 1 கோடி பி.பி.எம்.சி. (டி செல்கள் அடங்கிய ஒற்றைக் கரு வெள்ளணுக்கள்) தேறும். எலிஸ்பாட்டில் குழிக்கு 2 லட்சம் போதும், ஐ.சி.எஸ்.ஸுக்குக் குழாய்க்கு 10 லட்சமாவது வேண்டும். ஆனால் எலிஸ்பாட்டின் புள்ளி சிடி4 போட்டதா, சிடி8 போட்டதா (டி செல்லின் இரு வகைகள்) என்று தெரியாது. ஐ.சி.எஸ். அதைச் சொல்லும், ஒரே செல் இன்டர்ஃபெரான் காமாவோடு ஐ.எல்.2, டி.என்.எஃப். ஆகிய சைட்டோகைன்களையும் சுரக்கிறதா என்றும் காட்டும். எச்.எல்.ஏ. வகை (ஆளுக்கு ஆள் மாறும் திசு வகை) தெரியாமல் டெட்ராமர் (அந்த வகைக்கேற்ப, குறிப்பிட்ட டி செல்லில் மட்டும் ஒட்டும் சாயப்பொருள்) வாங்க வேண்டாம்.

பெப்டைட் வாங்கும்போது கவனம்: இந்தியாவில் பெரும்பாலும் சி வகை வைரஸ். பி வகைத் தொகுப்பைப் போட்டால் இருக்கிற எதிர்வினையும் குறைவாகத் தெரியும்.

முறையைவிட ரத்தம் வந்து சேரும் விதம்தான் முடிவைக் கெடுக்கிறது. ஹெப்பாரின் குழாயில் எடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து ஐஸில் வைக்கவே கூடாது. 18–25 டிகிரியில் வைத்து, 8 மணி நேரத்துக்குள் ஃபைகாலில் (அடர்த்தியை வைத்துச் செல்களைப் பிரிக்கும் திரவம்) பிரித்துவிடுங்கள். தாமதமானாலோ குளிர்ந்தாலோ கிரானுலோசைட்டுகளின் (வேறு வகை வெள்ளணுக்கள்) அடர்த்தி குறைந்து, அவை அடியில் இறங்காமல் பி.பி.எம்.சி. அடுக்கிலேயே தங்கி, டி செல்களை அடக்கும். அடுக்கு வழக்கத்தைவிடச் சிவந்து தடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

எலிஸ்பாட் தட்டின் பி.வி.டி.எஃப். சவ்வை 35% எத்தனால் 15 மைக்ரோலிட்டரால் நனைத்து, ஒரு நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள். அதன்பின் காயவே விடக்கூடாது. பிப்பெட் முனை சவ்வில் பட்டால் அங்கே பொய்ப்புள்ளி விழும். செல் போட்ட பிறகு 16–20 மணி நேரம் தட்டை அசைக்காதீர்கள்; அசைந்தால் புள்ளிகள் வால் முளைத்தது போல் இழுபடும். இன்குபேட்டருக்கு யு.பி.எஸ். கட்டாயம்.

ஐ.சி.எஸ்.ஸில் 6 மணி நேரத் தூண்டலின்போது பிரெஃபெல்டின் ஏ சேர்க்காவிட்டால் சைட்டோகைன் வெளியேறிவிடும். செத்த செல்லைக் காட்டும் சாயத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்; செத்த செல்கள் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொண்டு பொய் பாசிட்டிவ் தரும்.

பல ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) எடுப்பவர்களிடம் எதிர்வினை குறைவாகவே இருக்கும், அதைப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். பி.எச்.ஏ. (எந்த டி செல்லையும் தூண்டும் பொருள்) போட்ட குழியில் புள்ளிகள் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவே வெறுமையாக இருந்தால், அந்த மாதிரியை நெகட்டிவ் என்று எழுதாமல் புது ரத்தம் கேளுங்கள்.