கருப்பர் கோயில் கிடா வெட்டுக்குப் போகலாமா?

கேள்வி: காரைக்குடி எனக்குச் சொந்த ஊர். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. டைசல்ஃபிராம் மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். இந்தப் பங்குனியில் என் மனைவி முத்துமாரியம்மனுக்குப் பாற்குடம் எடுக்கிறாள். மறுநாள் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து கருப்பருக்குக் கிடா வெட்டுகிறோம். போன வருடம் அங்கே முதல் ஆளாகக் குடித்தவன் நான்தான். பாற்குடம் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்கிறாள் மனைவி. "மூணு நாளைக்கு முன்னாடியே மாத்திரைய நிறுத்திக்க, ஒரு நாள்தானே" என்கிறான் மச்சான். எனக்குத் திருவிழாவும் வேண்டும், இந்த எட்டு மாதமும் வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மாத்திரை. மச்சான் சொன்னது மிக ஆபத்தான யோசனை. டைசல்ஃபிராம், மது உடலில் உடைந்து வெளியேறும் வழியைப் பாதியில் அடைத்துவிடும். அதனால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு ரத்தத்தில் தேங்கும். முகம் சிவந்து சூடாகும், தலை பிளக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். உயிரே போனதும் உண்டு. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இது நடக்கலாம். மூன்று நாள் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. இருமல் மருந்து, அரிஷ்டம் மாதிரியானவற்றிலும் மது இருக்கும் என்பதால், ஊரில் யாராவது 'உடம்புக்கு நல்லது' என்று நீட்டினாலும் வாங்கிக் குடிக்காதீர்கள்.

சரி, போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். போகலாம் என்பதுதான் என் எண்ணம். குடியை விட்டு இரண்டு மூன்று மாதமே ஆனவராக இருந்தால் இந்த வருடம் வேண்டாம் என்றிருப்பேன். இப்போதும் ராத்திரியில் தூக்கம் வராமல் பாட்டில் நினைப்பாகவே இருந்தாலும் அதையேதான் சொல்வேன். எட்டு மாதம் தாண்டிய ஒருவர் பங்காளிகளையும் குலசாமியையும் விட்டு ஒதுங்கியே இருந்தால், அந்தத் தனிமை ஒரு நாள் அவரைக் கடைப் பக்கம் தள்ளிவிடும்.

ஆனால் இரண்டு நாளும் ஒன்றல்ல. பாற்குடம் விடிகாலையில் புறப்படும் காரியம். மஞ்சள் சேலை, வேப்பிலை, மேளம், வழியெல்லாம் தண்ணீர் ஊற்றும் சனம். காப்புக் கட்டிய வீட்டில் குடிக்காமல் இருப்பதை ஊரே தாங்கிப் பிடிக்கும். மொடாக்குடிகாரர்கூட அந்த நாட்களில் கட்டுப்பாடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாலை போட்ட சாமிகள் ஒரு மண்டலம் இருந்துவிடுவதும் இப்படித்தான். சிக்கல் மறுநாள்தான். நேர்த்தி முடிந்தது, காப்பு அவிழ்ந்தது, இனி என்ன என்று மனம் தானாகவே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்ளும். "இத்தனை நாள் விரதம் இருந்தாச்சுல்ல, இன்னைக்கு மட்டும்" என்று உங்கள் பங்காளி சொல்லப்போவதும் இதையேதான். நீங்கள் குடியை விட்டது எந்த வேண்டுதலுக்காகவும் இல்லை. ஆகவே பாற்குடம் இறங்கினாலும் உங்கள் கணக்கில் எதுவும் முடிந்துவிடவில்லை. இதை ஊருக்கு வண்டி ஏறும் முன்பே மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

முன்கூட்டியே பேச வேண்டிய இன்னொருவர் பூசாரி. கருப்பருக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கும் வழக்கமாக இருந்தால், படையல் பாட்டில் உங்கள் கைக்கும் வரும். "சாமிக்கு வச்சது, ஒரு சொட்டு நாக்குல வைப்பா" என்று பெரியவர் ஒருவர் சொல்லும்போது மறுப்பது, நண்பனிடம் மறுப்பதைவிடப் பத்து மடங்கு கடினம். முந்தின நாளே பூசாரியைத் தனியாகப் பார்த்து, "மாத்திரையில இருக்கேன், ஒரு சொட்டுப் பட்டாலும் உசுருக்கு ஆபத்து, எனக்குத் திருநீறும் எலுமிச்சம்பழமும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் அவரே உங்களுக்காகப் பேசினால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கிடா வெட்டில் உங்களுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். பந்தி பரிமாறுங்கள், இலை போடுங்கள், பெரியவர்களை வண்டியில் கூட்டி வாருங்கள், எதுவானாலும் சரி. கண்மாய்க்கரையில் ஆட்கள் மெல்ல ஒதுங்கும் நேரத்தில்தான் வேலையில்லாத கால் அந்தப் பக்கம் நடக்கும். பணப்பை பொறுப்பை மட்டும் இந்த வருடம் வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். சரக்கு வாங்கிவரச் சொல்லி அனுப்புவதும் அந்த ஆளைத்தான்.

சாப்பாடு முதல் பந்தியில், பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு. இதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடமாக மட்டன் சுக்காவும் கிளாஸும் உங்களுக்குச் சேர்ந்தே வந்தன. அதனால் மிளகும் கறியும் வேகும் வாசனை மூக்கில் ஏறியதுமே, குடி வரப்போகிறது என்று மூளை தயாராகிவிடும். நீங்கள் பலவீனமானவர் என்று இதற்கு அர்த்தமில்லை, அது பழகிய பழக்கம். அதே கறியை, பசி ஏறுவதற்கு முன்பே, சோற்றோடு, பிள்ளைகளோடு சாப்பிட்டுப் பழகினால் அந்த முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். முதல் வருடமே தளர்ந்துவிடும் என்று நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

ஆசை எழுந்தால் பயப்படவோ அதனோடு மல்லுக்கட்டவோ வேண்டாம். அது அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். பாற்குட வரிசை உங்கள் தெருவைக் கடக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இடத்தை மாற்றுங்கள், வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள், நம்பிக்கையான ஒருவருக்குப் போன் போடுங்கள்.

கையில் எப்போதும் ஏதாவது குடிக்க இருக்கட்டும். மோர், இளநீர், பன்னீர் சோடா எதுவானாலும் நீங்களே திறந்ததாக இருக்கட்டும். கீழே வைத்துவிட்டுப் போன டம்ளரை மறுபடி எடுக்காதீர்கள். விளையாட்டுக்குக் கலந்து கொடுக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், உங்களுக்கு அது விளையாட்டாக முடியாது. மறுக்கும்போது "வேண்டாம் மச்சான், மாத்திரை சாப்பிடுறேன்" என்பதோடு நிறுத்துங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் வாதாடத் தொடங்குவார்.

இது தை மாதப் பொங்கலுக்கும் பொருந்தும். மாட்டுப் பொங்கல் அன்று திருவள்ளுவர் நாளுக்காக டாஸ்மாக் மூடியிருக்கும். அதை நம்பிச் சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முந்தின நாளே வாங்கி வைத்தது மறுநாள் சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்து திரும்பும் வழியில் வெளியே வரும்.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. அம்மா, அவர் வாயை முகர்ந்து பார்க்காதீர்கள், பின்னால் ஆள் அனுப்பாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் சந்தேகப் பார்வை பட்ட மனுஷன், 'எப்படியும் நம்பப்போவதில்லை' என்று குடித்துவிடுவதும் உண்டு. அதற்குப் பதிலாக ஒரு சொல்லை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பிள்ளைக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று அவர் சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும். அதற்கு உங்கள் வண்டியில் போயிருக்க வேண்டும். வேறொருவர் காரில் போனால் அவர் குடித்து முடிக்கும்வரை நீங்களும் இருக்க வேண்டியதாகிவிடும்.

இவ்வளவுக்கும் மீறி ஒரு மடக்கு உள்ளே போய்விட்டால், மறைக்காதீர்கள். மாத்திரையில் இருப்பவர் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, டைசல்ஃபிராம் சாப்பிடுவதைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு மடக்கில் எட்டு மாதமும் அழிந்துவிடாது. 'போனது போச்சு' என்று இரண்டாவதை எடுப்பதுதான் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடும். மனம் தடுமாறுகிறது என்றால் ராத்திரியானாலும் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம். போதை மறுவாழ்வுக்கென்றே 14446 இருக்கிறது. இரண்டும் இலவசம்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒரு இரவு இருக்கிறது: நீங்கள் மட்டும் தனியாகத் திருப்பூர் திரும்பினால், அந்த இரவு. இரண்டு நாள் சனத்தோடு இருந்துவிட்டு, தனி அறையில், உடம்பு அசதியோடு, 'ஜெயிச்சுட்டேன்' என்ற தெம்போடும் இருப்பீர்கள். அந்த இரவு அறையில் தனியாக இருக்காமல், முடிந்தால் குடிக்காத நண்பர் வீட்டில் தங்குங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ மருத்துவரைப் பார்க்கும்படி, ஊருக்குக் கிளம்பும் முன்பே தேதி வாங்கி வையுங்கள்.