ஜெனீவாவில் மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

தம்பி, தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு ஜெனீவாவுக்குப் போகப்போவதாகச் சொல்லி மூன்று விஷயம் கேட்டிருந்தீர்கள்: மகளை ‘இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆஃப் ஜெனீவா’ என்ற அந்தப் பேர்பெற்ற சர்வதேசப் பள்ளியில் சேர்க்கலாமா, குளிருக்கு என்ன செய்வது, இட்லி அரிசி கிடைக்குமா. குளிருக்கான கோட்டை அங்கே போய் வாங்குங்கள், அரிசிக்கு ஈழத்தமிழர் கடை இருக்கிறது. பள்ளி விஷயத்துக்கு வருவோம்.

பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். ஐ.நா.வுக்கு முன்னோடியான லீக் ஆஃப் நேஷன்ஸிலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலைக்கு வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1924-ல் தொடங்கியது அது. அடால்ஃப் ஃபெர்ரியேர் என்ற கல்வியாளரின் வீட்டில்தான் முதல் வகுப்புகள் நடந்தன. 1926-ல் கமலா நேருவின் சிகிச்சைக்காகக் குடும்பம் அங்கே தங்கியிருந்தபோது சிறுமி இந்திரா படித்ததும் அங்கேதான். சொந்த நாட்டுக் கல்லூரிக்குத் திரும்பும் பிள்ளைகளை நாட்டுக்கு ஒரு பரீட்சைக்குத் தயார்செய்து ஆசிரியர்கள் அல்லாடினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பல நாட்டுக் கல்லூரிகளும் ஏற்கும் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) பாடத்திட்டம், 1968-ல் ஜெனீவாவிலேயே அதற்குத் தனி அமைப்பு வந்தது. இன்று சென்னையில் ஐ.பி. என்று பலகை மாட்டும் பள்ளிகளுக்கெல்லாம் வேர் அங்கே.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த எனக்கு, பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிப்பதில் பெரிய அதிசயம் தெரியவில்லை. தெலுங்கு, மலையாளி, வங்காளி, ஆங்கிலோ இந்தியன் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருவோம். யாருடைய அப்பாவுக்காவது மாற்றல் வந்தால் ஒரு இடம் காலியாகும். ஜெனீவாவிலும் அதே கதைதான், ஃபீஸ் மட்டும் வேறு.

அந்த ஃபீஸ்தான் ஆளை அடிக்கும். லாப நோக்கமில்லாத அறக்கட்டளை நடத்தும் பள்ளிதான், ஆனாலும் மேல் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 30,000 பிராங்குக்கு மேல். ஐ.நா. ஊழியர்களுக்குக் கல்வி மானியம் உண்டு. நம்மைப் போன்ற கம்பெனி ஆட்களுக்கு எச்.ஆர். வாயால் சொல்லும் ‘பார்த்துக்கொள்வோம்’தான். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். உள்ளூர் ஒப்பந்தத்துக்கு மாற்றியபோது கல்விச் செலவு என்ற வரியையே காணோம்! ஆகவே எத்தனை வருஷத்துக்கு, எத்தனை பிள்ளைக்கு என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நம்மவர்களில் சிலர் பிள்ளையின் பள்ளிப் பெயரைச் சொல்லிக்கொள்வதற்காகவே கடன் வாங்குகிறார்கள். எனக்கு அவர்களிடம் பரிதாபம்கூட இல்லை.

அப்புறம் நாங்கள் மகளை அரசுப் பள்ளியில்தான் சேர்த்தோம். கட்டணம் கிடையாது, பாடமெல்லாம் பிரெஞ்சில். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழி பழக வரவேற்பு வகுப்பு உண்டு. கஷ்டம் பெற்றோருக்குத்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் பதினொன்றரைக்கு வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து மூன்று முறை முத்தமிடுவார்கள். என் மனைவி முந்திக்கொண்டு கைகூப்பிவிடுவாள். கொஞ்ச நாளில் அவர்களும் அவளைப் பார்த்தால் கைகூப்ப ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம் எங்களுக்குப் பழக்கியது ஈழத்தமிழர்கள். அவர்கள் பிள்ளைகள் வாரநாளில் பிரெஞ்சு, வார இறுதியில் தமிழ்ப் பள்ளி என்று அலட்டிக்கொள்ளாமல் வளர்வார்கள். இரண்டு வருஷ வேலைக்கு வந்து பிரெஞ்சு ஒரு சொல்கூடக் கற்காமல் ஊர் திரும்பும் நம் ஐ.டி. ஆட்கள் அவர்களைப் பார்த்துக் கற்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது வாடகை வீட்டின் சொந்தக்காரரிடமிருந்து பிரெஞ்சில் கடிதம் வந்தால் மகள்தான் பதில் எழுதுகிறாள். கையெழுத்து மட்டும் என்னுடையது. அதற்கு முன் படித்துக் காட்டச் சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது.