தொற்றின்போது கொலஸ்ட்ரால் குறைவது ஏன்?

ஈ.கோலை தொற்று இரத்தத்தில் பரவித் தீவிர சிகிச்சையில் இருக்கும் உங்கள் தந்தைக்கு எச்டிஎல் (‘நல்ல கொலஸ்ட்ரால்’) 40இலிருந்து 18ஆகக் குறைந்ததற்குக் கொலஸ்ட்ரால் மாத்திரைதான் காரணமா, நெய்யும் முட்டையும் கூட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மாத்திரை எச்டிஎல்லை இப்படிக் குறைப்பதில்லை, தொற்றே குறைக்கிறது.

ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளியுறையில் எண்டோடாக்சின் என்னும் நச்சு உள்ளது. அதன் கொழுப்புப் பகுதி, எச்டிஎல், எல்டிஎல் (‘கெட்ட கொலஸ்ட்ரால்’) துகள்களின் மேற்புறத்தில் உள்ள பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்புப் படலத்துக்குள் செருகிக்கொள்வதால், நோயெதிர்ப்புச் செல்களின் டிஎல்ஆர்-4 ஏற்பி அதை எளிதில் உணர முடியாமல் போகிறது. அழற்சி தணிகிறது, நச்சைக் கல்லீரல் அகற்றுகிறது. எல்டிஎல்லின் புரதமான அப்போ-பி, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா தன் நச்சு உற்பத்தியைத் தூண்ட அனுப்பும் சமிக்ஞையையே பிடித்து முடக்குவதையும் எலிகளில் கண்டிருக்கிறார்கள். இந்தக் கொழுப்புகளை வெறும் எதிரிகளாகவே பேசிப் பழகியது சரியல்ல என்பது என் கருத்து.

கடும் தொற்றில் எச்டிஎல் மிகவும் குறைவது நோயின் தீவிரத்தைக் காட்டும் அறிகுறி. அதற்காக உணவால் அதை ஏற்ற முயல்வதில் பயனில்லை. நச்சைப் பிடிக்கும் நோக்கில் பாஸ்போலிப்பிட் குழம்பை நரம்பில் செலுத்திப் பார்த்த பெரிய ஆய்வு கூட உயிரிழப்பைக் குறைக்கவில்லை. ஆண்டிபயாடிக் சிகிச்சையே முதன்மை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். தந்தை குணமடைந்து சில வாரங்கள் கழித்துக் கொலஸ்ட்ராலை மீண்டும் பரிசோதியுங்கள், இப்போதைய அளவு அவருடைய இயல்பான அளவு அல்ல.