பட்டி போடும் முன் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறதாம். வெளிச்சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்து பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது, வடக்குச் சுவரில் பாசி, மேற்கில் மயிரிழை வெடிப்புகள். பொங்கலுக்குள் அடித்தாக வேண்டும். "போர் தண்ணி அடிச்சு கழுவிட்டு, முழுசா பட்டி போட்டு ரெண்டு கோட் அடிச்சா சரியாயிடும்" என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?

அப்படியே செய்யாதீர்கள். அந்த வெள்ளை, உப்பு. செங்கல், மணல், கலவைக்கு ஊற்றிய தண்ணீர் எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பு இருக்கும், சுவருக்குள் ஈரம் ஏறினால் அதைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் நின்றுகொண்டு பெயிண்டைத் தள்ளும். பட்டி போட்டால் பட்டியையும் சேர்த்துத் தள்ளும். ஈரத்தை நிறுத்தாமல் எந்த கம்பெனி பெயிண்ட் வாங்கினாலும் காசு வீண்தான்.

எங்கிருந்து ஈரம் என்பதைப் பெரும்பாலும் இடமே சொல்லிவிடும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் மட்டும் பூத்திருந்தால் கீழிருந்து ஏறுகிறது, சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தினமும் தண்ணீர் விடுகிறீர்களா, மண் மேடாகி அடிமட்டத்தைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். பாத்ரூமுக்குப் பின்னால் மட்டும் என்றால் பைப். மேலிருந்து கோடுகோடாக இறங்கியிருந்தால் கைப்பிடிச்சுவர் உச்சி வெடிப்பு, அல்லது டேங்க் நிரம்பி வழிகிற இடம். சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

உப்பு பூத்த இடத்தில் முதலிலேயே தண்ணீர் அடிப்பதுதான் பெரிய தப்பு. கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு காய்ந்த பிரஷால் தேய்த்து, கீழே சாக்கு விரித்துப் பொடியை அள்ளி அப்புறப்படுத்துங்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், மறுபடி பூத்தால் மறுபடி அதே வேலைதான்.

மற்ற சுவரைக் கழுவலாம். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் பூசி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள். அதோடு ஆசிட் மட்டும் சேர்க்கவே கூடாது, கிளம்புகிற வாயு ஆளை வீழ்த்திவிடும். நம் தருமபுரி மாவட்டத்துப் போர் தண்ணீரில் பல ஊர்களில் உப்பு அதிகம், உப்புப் பூத்த சுவரில் அதையே கொட்டுவது எரிகிற அடுப்பில் விறகு சொருகுவது போல. கடைசி அலசலுக்கும், முக்கியமாக பிரைமர், பெயிண்ட் கலக்கவும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவின சுவர் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயட்டும். அப்புறம் கரணைப் பிடியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் வருகிற பூச்சைப் பட்டி காப்பாற்றாது, வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசத்தான் வேண்டும். புதுப் பூச்சை ஒரு வாரம் நனைத்து, மொத்தம் 28 நாளாவது விட்ட பிறகே பெயிண்ட். சிமெண்டின் காரம் அதற்கு முன் நிறத்தைத் தின்றுவிடும்.

மயிரிழை வெடிப்புக்கு கிராக் பேஸ்ட் போதும், பெரியதை மட்டும் பட்டித் தகட்டு முனையால் கொஞ்சம் அகலப்படுத்தித் தூசி தட்டி நிரப்ப வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, மாதாமாதம் அகலமாகிற வெடிப்பு என்றால் பெயிண்டரை விடுங்கள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். வெளிச்சுவர் முழுக்கப் பட்டி தேவையில்லை. பள்ளம் மேடு உள்ள இடத்துக்கு ஒயிட் சிமெண்ட் பட்டி மெல்லிசாகப் போட்டால் போதும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வெளியே ஆகவே ஆகாது. பழைய பெயிண்டை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், மாவாக ஒட்டினால் இன்னும் தேய்த்துக் கழுவ வேண்டும். அது ஒட்டாத பிறகு எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட்.

பொங்கல் விஷயம். பூச்சு வேலை இருந்தால் பொங்கலைத் தாண்டிவிடும், அதுவும் நல்லதுதான். மார்கழிப் பனியில் காலைச் சுவர் ஈரமாகவே நிற்கும், தை மாசியில் அடித்தால் நன்றாகப் பிடிக்கும். கட்டாயம் முன்பே வேண்டுமென்றால் முன்பக்கம் மட்டும், பனி காய்ந்து பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து நாலு மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.