வீட்டில் செய்யும் கூந்தல் கிரீம்: எது எதோடு சேரும்? (கேள்வி பதில்)

22 ஆண்டுகளாகக் கிரீம் தயாரிப்பதே என் வேலை. சேர்மானம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். முடி ஏன் கொட்டுகிறது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கோவை வாசகி: அக்கா, காஃபின், நியாசினமைடு, பயோட்டின், வைட்டமின் ஈ, ரோஸ்மேரி எண்ணெய் ஐந்தையும் ஒரே கிரீமில் போடலாமா?

பயோட்டினை விட்டுவிடுங்கள். தண்ணீரில் அது சரியாகக் கரையாது. தலையில் தடவிப் பலன் கண்டதற்கு நல்ல சான்றும் இல்லை. மற்ற நான்கும் சேரும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. காஃபினும் நியாசினமைடும் (வைட்டமின் பி3 வகை) தண்ணீரில் கரைபவை. வைட்டமின் ஈயும் ரோஸ்மேரியும் எண்ணெயில் கரைபவை.

100 கிராமுக்கு என் அளவு: காய்ச்சி வடித்த நீர் 73, எண்ணெய் 15, எமல்சிஃபையிங் வாக்ஸ் (நீரையும் எண்ணெயையும் பிரியாமல் சேர்க்கும் மெழுகு) 7, நியாசினமைடு 2, காஃபின் 1, ரோஸ்மேரி 0.5, வைட்டமின் ஈ 0.5, பாதுகாப்பான் 1. ஃபீனாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் கலந்து விற்பதைத்தான் பாதுகாப்பான் என்கிறேன். காஃபினும் நியாசினமைடும் போட்ட நீரையும், வாக்ஸ் போட்ட எண்ணெயையும் தனித்தனியாக 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கிச் சேர்த்து, ஆறும்வரை கலக்குங்கள். 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு ரோஸ்மேரி, வைட்டமின் ஈ, பாதுகாப்பான்.

காஃபின் அளவைக் கூட்டாதீர்கள். அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீர் சுமார் 2 கிராம் காஃபினைத்தான் தாங்கும். சூட்டில் 4 கிராம்கூடக் கரைந்து தெளிவாகத் தெரியும். மறுநாள் டப்பாவைத் திறந்தால் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும். விரலில் தேய்த்தால் நறநறக்கும். கரையாமல் நிற்கும் மருந்து தோலுக்குள் போகாது. எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அமிலம் கூடினால் நியாசினமைடு மெல்ல நிகோடினிக் அமிலமாக மாறும். தலை சிவந்து எரியும்.

ரோஸ்மேரியிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 2015இல் வந்த ஆய்வு அதை 2 சதவீத மினாக்சிடிலோடு (முடி வளரத் தலையில் தடவும் மருந்து) ஆறு மாதம் ஒப்பிட்டது, வீரியம் கூடிய 5 சதவீதத்தோடு அல்ல.

டப்பாவில் செய்த தேதியை எழுதுங்கள்.

திருச்சி வாசகர்: மினாக்சிடில் மாத்திரையைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் கலக்கலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள். 50 கிராமில் 5 சதவீதம் என்றால் 2.5 கிராம் மருந்து வேண்டும். 5 மில்லிகிராம் மாத்திரையில் அது 500 மாத்திரை. பத்து மாத்திரை போட்டால் கிடைப்பது 0.1 சதவீதம். அதுவும் எண்ணெயில் கரையாது. மாத்திரையின் மாவோடு சேர்ந்து அடியில் படியும். கடைக் கரைசலில் ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைக்காலும் இருப்பதே அதைக் கரைக்கத்தான். அந்த மாத்திரை இரத்த அழுத்தத்துக்காக வந்தது. வீட்டில் யார் கைக்கும் எட்டும்படி வைக்காதீர்கள்.

சேலம் வாசகி: காப்பர் பெப்டைடும் வைட்டமின் சியும் சேருமா?

சேராது. காப்பர் பெப்டைடு என்பது செம்பு சேர்ந்த புரதத் துண்டு. அதன் நீலம் மங்கும். வைட்டமின் சி பழுப்பேறிக் கெடும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவும் போடாதீர்கள், அது செம்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

தஞ்சை வாசகி: சின்ன வெங்காயச் சாறும் கற்றாழையும் சேர்த்த கிரீமில் ஐந்தாம் நாள் பச்சைப் புள்ளி. வைட்டமின் ஈ போட்டிருந்தேனே?

முழுவதையும் கொட்டிவிடுங்கள். புள்ளியை மட்டும் வழித்தெடுத்துவிட்டுத் தடவாதீர்கள். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். பூஞ்சையையும் கிருமியையும் தடுக்காது. தண்ணீர் இருக்கும் எதிலும் பாதுகாப்பான் வேண்டும்.

திருநெல்வேலிப் பெரியவர்: என் பாட்டி காய்ச்சிய கரிசலாங்கண்ணித் தைலம் ஓராண்டு கெடாது. அவர் எந்த ரசாயனமும் போட்டதில்லை. நீங்கள் மக்களைப் பயமுறுத்துகிறீர்கள், அம்மா.

ஐயா, உங்கள் பாட்டி செய்ததைத்தான் நானும் சொல்கிறேன். அவர் இலைச்சாற்றை எண்ணெயில் ஊற்றி, சலசலப்பு அடங்கும்வரை சிறு தீயில் காய்ச்சியிருப்பார். கல்கத்தை, அதாவது எண்ணெயில் போட்ட மூலிகை விழுதை, எடுத்து விரலில் உருட்டிப் பார்த்திருப்பார். மெழுகுப் பதம், மணல் பதம் என்று பதத்துக்குப் பெயரே உண்டு. திரியை நனைத்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். இத்தனையும் எதற்கு? ஈரம் போய்விட்டதா என்று அறியத்தான். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. அந்தத் தைலத்துக்குப் பாதுகாப்பான் வேண்டாம். கிரீமில் பெரும்பங்கு தண்ணீர். அதைக் காய்ச்சி விரட்டினால் கிரீமே இல்லை.

அதே பெரியவர்: அப்படியானால் கிரீம் எதற்கு? தைலமே போதுமே.

பலருக்குப் போதும். எனக்கும் அந்தத் தைலத்தின் மீது மதிப்பு உண்டு. ஆனால் காஃபின் எண்ணெயில் சரியாகக் கரையாது. அது வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும்.

மதுரை வாசகர்: விளக்கெண்ணெயில் மினாக்சிடில் மாத்திரை?

திருச்சி வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

ஈரோடு வாசகி: கடையில் வாங்கிய மினாக்சிடில் கரைசலைக் கிரீமில் ஊற்றினால்?

சம அளவு ஊற்றினால் வீரியம் பாதியாகும். ஆல்கஹால் கிரீமைப் பிரித்துவிடும். கரைசலைத் தனியாகத் தடவுங்கள். கருவுற்றிருந்தால் தொடவே வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் தடவிய இடத்தை நக்க விடாதீர்கள். அதற்கு அது நஞ்சு.

கடலூர் வாசகர்: முடி கொட்டுவதற்குத் தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையைப் பொடிக்கச் சொல்கிறார்கள். மனைவிதான் கிரீம் செய்கிறார், நான்கு மாதக் கர்ப்பம்.

இன்றே நிறுத்துங்கள். பொடித்த ஃபினாஸ்டிரைடைக் கர்ப்பிணிகள் கையாளக் கூடாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஏற்கெனவே தொட்டிருந்தால் அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். பொடி பட்ட பாத்திரங்களை நீங்களே கழுவுங்கள்.

கரூர் வாசகி: ஒரு வயதுக் குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எண்ணெய்?

வேண்டாம். கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கலாம்.

வேலூர் வாசகர்: பாதாம் எண்ணெயில் மினாக்சிடில் மாத்திரை கரையுமா?

எந்த எண்ணெயிலும் கரையாது.

திருநெல்வேலிப் பெரியவர்: நேற்று நானே காய்ச்சினேன், அம்மா. திரி லேசாகப் படபடத்தது. வடித்தபின் அடியில் கலங்கல் இருக்கிறது.

இன்னும் ஈரம் இருக்கிறது, ஐயா. மறுபடி சிறு தீயில் வைத்து, நுரையும் சலசலப்பும் அடங்கும்வரை விடுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் வடியுங்கள். அடிமண்டியைச் சேர்க்காதீர்கள். புட்டியைக் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே ஊற்றுங்கள். தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.